ஒரு சாண் பாக்கி

கைக்குட்டை வளர்ந்திருந்தது.

மணிக்காரி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் சாண் போட்டுப் பார்த்தாள். நேற்று சாயங்காலம் ஊசியைக் குத்தி வைத்தபோது ஓரத்தில் ஒரு சாண்தான் பாக்கி. காலையில் பார்த்தால் ஒன்றரைச் சாண். துணி ஓரங்களில் பாசிமணி கோத்துத் தைப்பது அவள் தொழில். அதனாலேயே தெருவில் அவளுக்கு மணிக்காரி என்று பெயர் விழுந்துவிட்டது. அளவு நாடாவை அவள் கையால் தொட்டதில்லை. நாடா நாளாக நாளாக இழுபட்டுப் போகும், கை ஒருநாளும் ஏமாற்றாது என்பது அவள் கட்சி.

ஒரே ஒரு கைக்குட்டைக்கு ஓரம் தைத்துக் கொடுக்க இந்தப் பெரிய வீட்டுக்கு வந்து தங்கியிருந்தாள். இரண்டு நாள் வேலை என்று கணவனிடம் சொல்லிவிட்டு வந்தவள். அவள் வீட்டில் இருப்பது பேச ஆரம்பித்திருக்கிற ஒரு பெண் குழந்தையும், பாலை அடுப்பில் வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கிற கணவனும். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அம்மா, துணி பெருசாகுது," என்றாள் வீட்டம்மாவிடம்.

வீட்டம்மா உயரமான பெண்மணி. எதற்கும் பதறாதவள். "முதல்ல அப்படித்தான் தோணும்."

"தோணலைம்மா. சாண் போட்டேன்."

"அப்ப கொஞ்சம் வேகமா தைச்சிடேன். முடிச்சவங்க யாரும் இதுவரைக்கும் ஒரு குறையும் சொன்னதில்ல."

சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்களுக்குள் கைக்குட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு மூலையில் சாதாரணத் தையலாகத் தொடங்கி, போகப் போகப் பொடியாகி, கடைசி மூலையில் நூல் எங்கே போகிறதென்றே தெரியாத வேலையாக முடிந்திருந்தது. மணிக்காரிக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. நம்மால் மட்டும் முடியாதா என்று உட்கார்ந்தாள்.

தலை நிமிராமல் தைத்தாள். மதியம் சாண் போட்டுப் பார்த்தாள். இரண்டரைச் சாண் பாக்கி.

"சனியனே, வளர்ந்து என்னத்தைக் கிழிக்கப் போற?" என்று கைக்குட்டையைத் திட்டினாள். பயமாக இருந்தால் திட்டுவது அவள் வழக்கம். இன்னும் வேகமாகத் தைத்தாள். அதுவும் இன்னும் வேகமாக வளர்ந்தது.

நாற்காலி வேறு தோதாக இல்லை. கால் தரையில் எட்டவில்லை. பணக்காரர்கள் எதைத்தான் அளவாகச் செய்கிறார்கள் என்று முணுமுணுத்தாள். வீட்டம்மா இரண்டு தலையணை போட்டுப் பார்த்தாள். அதுவும் போதவில்லை.

"மேஜை மேலயே ஏறி உட்கார்ந்து தையேன். யார் பாக்கப் போறாங்க?" என்று சொல்லி, அவளைத் தன் கையாலேயே தூக்கி உட்கார வைத்தாள். என்ன பலம் இந்தம்மாவுக்கு என்று மணிக்காரி வியந்து போனாள்.

மணிகளும் மாறிக்கொண்டிருந்தன. வந்த அன்று கடுகாக இருந்தவை இப்போது பட்டாணி. பெரிய மணி என்றால் ஓரம் சீக்கிரம் நிரம்பும் என்று சந்தோஷப்பட்டாள். ஆனால் ஊசி கனத்தது. தையலுக்குத் தையல் மூச்சு வாங்கியது.

கணவன் பஸ் ஓட்டுகிறவன். மறுநாள் மதிய இடைவேளையில் போன் செய்தான்.

"கைக்குட்டைதானே, இன்னுமா முடியல?"

"போர்வை ஆயிடுச்சுங்க."

"எது?"

"கைக்குட்டைதான். போர்வை ஆயிடுச்சு."

"நீ ஒழுங்கா சாப்பிடறியா?"

"சாப்பாட்டுக்கென்ன குறை. ஒரு துண்டு ரொட்டி வச்சாங்க, கால்வாசிகூட இறங்கல."

"குரல் ஏன் கீச்சு கீச்சுன்னு வருது?"

"சளி பிடிச்சிருக்கும்."

"பாப்பா உன் புடவையைச் சுத்திக்கிட்டுதான் தூங்கறா. கதவு சத்தம் கேட்டா போதும், அம்மான்னு ஓடறா."

மணிக்காரி ஊசியைக் கீழே வைத்தாள். "நாளைக்கு வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க. முடிஞ்சாலும் சரி, முடியாட்டியும் சரி."

வீட்டம்மாவிடமும் அதையே சொன்னாள். இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது போல.

"தாராளமா போ," என்று மேலே எங்கிருந்தோ பதில் வந்தது. "அந்தக் கடைசி மூலையை மட்டும் முடிச்சிடு. பாதியில விட்டா உனக்கே மனசு ஆறாது."

அது உண்மைதான். பாதியில் விட்ட வேலை என்று அவள் பேரில் ஒன்றுகூடக் கிடையாது.

மறுநாள் அவள் உட்கார்ந்து தைக்கவில்லை. துணி அறை அளவுக்கு விரிந்து கிடந்தது. அதன்மேல் நடந்து நடந்து தைத்தாள். மணியை இடுப்பில் குடம்போல இடுக்கிக்கொண்டு போய் வைத்தாள். ஊசியைத் தோளில் தூக்கிவந்து குத்தினாள். கயிறாகிவிட்ட நூலைக் காலை ஊன்றி இழுத்தாள். ஒவ்வொரு மணிக்கும் அடுத்த மணி தூரமாகிக்கொண்டே போனது. இந்தத் துணி நம்மை வீடு போக விடாது என்ற பயம் நெஞ்சைப் பிடித்தது. பாப்பாவை நினைத்து அழுதாள். அழுதுகொண்டே தைத்தாள்.

கடைசி மணி உட்கார்ந்தது. முடிச்சை இறுக்கிவிட்டு அதன்மேலேயே சாய்ந்தாள். மனசு லேசாகிவிட்டது. இனி போகலாம்.

கதவு திறந்தது. அறையே அதிர்ந்தது. யாரோ நடந்து வந்தார்கள். தும்மல் ஒன்று கேட்டது. அவள் கணவனின் தும்மல்.

"இங்கேங்க! இங்கே இருக்கேன்!"

எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். காலடியில் துணி சரிந்தது. விழுந்துவிடாமல் கடைசி மணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனூண்டு கைக்குட்டைக்கா இத்தனை நாள்?" என்று துணியின் ஒரு முனையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தபடி வீட்டம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான் அவன். "சரி, அவளை வரச் சொல்லுங்கம்மா. பாப்பாவையும் கூட்டிட்டு வந்திருக்கேன்."