பொருள்: மரம் அறுக்கும் இயந்திரத்தின் இணக்கம் தொடர்பாக

நகராட்சியின் மரங்கள் பராமரிப்பு அலுவலகத்துக்குச் சொந்தமாக மரம் அறுக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. அதைப் பராமரிக்க ஒரு மெக்கானிக் இருந்தார். மெக்கானிக்கைப் பராமரிக்கப் பதினேழு அலுவலர்கள் இருந்தார்கள். இந்த விகிதத்தில் ஏதோ கோளாறு இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை.

அந்த வருஷத்துப் புயல் மழையில், தொடக்கப் பள்ளியின் பின்னால் நின்ற பெரிய மரம் வேர் இளகிச் சாய்ந்து வகுப்பறைக் கூரைமேல் படுத்துக்கொண்டது. ஓடுகள் நொறுங்கின. இரண்டு வகுப்புப் பிள்ளைகள் பள்ளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்கள். மறுநாள் காலையிலேயே டீச்சர் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

மெக்கானிக்குக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் மிஷின் படுத்த படுக்கையாகக் கிடந்தது. செயின் அறுந்து ஒரு மாசம். செயின் ஓடுகிற நீளமான பாரில் பள்ளம் தேய்ந்து அகன்றுபோயிருந்தது. செயினை இழுத்துச் சுற்றுகிற ஸ்பிராக்கெட்டின் பற்கள் கிழவன் வாய்போல் ஆகியிருந்தன. ஒன்றாக உழைத்த மூன்றும் ஒன்றாகவே போய்விட்டன. அவர் ஒரே தாளில், மூன்றும் ஒரே செட்டாக, ஒரே கடையில் வாங்க வேண்டும் என்று எழுதிக் கண்காணிப்பாளரிடம் நீட்டினார்.

கண்காணிப்பாளர் தாளை இரண்டு முறை படித்தார்.

"ஏம்பா, மூணு பொருளை ஒரே தாள்ல கேட்டா அது கூட்டுப் பொருள். கூட்டுப் பொருளுக்குத் தலைமை அலுவலக அனுமதி வேணும். தனித்தனியாக் கேட்டா நாமளே வாங்கிடலாம்."

"தனியா வாங்கினா ஒண்ணோட ஒண்ணு சேராது சார்."

"சேர்க்கத்தானே உங்களை வேலைக்கு வச்சிருக்கு?"

மெக்கானிக் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மூன்று தாள் எழுதினார். பார் இரும்புப் பட்டை என்பதால் அது கட்டடப் பிரிவுக்குப் போயிற்று. ஸ்பிராக்கெட் ஒருவகைச் சக்கரம் என்பதால் வாகனப் பிரிவுக்கு. செயின் என்றால் சங்கிலி. சங்கிலி வாங்குவது கதவுகளைப் பூட்டும் காவல் பிரிவு. மூன்று பிரிவும் முழு மனதோடு உழைத்தன. ஆறே வாரத்தில் மூன்று பொருளும் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் முதல் தரம். ஒவ்வொன்றோடும் ஒரு தரச் சான்றிதழ்.

மெக்கானிக் செயினை எடுத்து பாரின் பள்ளத்தில் வைத்து அழுத்தினார். செயினின் அடிப்பல் தடிமன், பள்ளம் ஒடுக்கம். அது உள்ளே இறங்காமல் மேலேயே உட்கார்ந்துகொண்டது. சரி, ஸ்பிராக்கெட்டில் பார்ப்போம் என்று சுற்றிப் பார்த்தார். செயினின் கண்ணிகளுக்கு நடுவே இருந்த இடைவெளி ஒரு கணக்கு, ஸ்பிராக்கெட் பற்களின் இடைவெளி வேறு கணக்கு. நாலாவது பல்லிலேயே செயின் ஏறி நின்றது. நீளத்தையாவது பார்ப்போம் என்று பாரைச் சுற்றிப் பிடித்தார். நாலு கண்ணி அதிகமாகத் தொங்கிற்று.

எந்த அளவு செயின் வேண்டும் என்று பாரின் வால்பக்கத்தில் கம்பெனிக்காரனே எண்களைப் பொறித்திருப்பான். அங்கே பார்த்தால், கட்டடப் பிரிவு அந்த எண்களின் மேல் பச்சைப் பெயின்ட் அடித்து, அதன்மேல் வெள்ளையில் நகராட்சிச் சொத்து எண் எழுதியிருந்தது. மெக்கானிக் சொத்து எண்ணைச் சுரண்டி, அடியில் இருந்த எண்களைக் குறித்துக்கொண்டார். அன்று சாயங்காலமே, பொதுச்சொத்தின் அடையாளத்தை அழித்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டு அவருக்கு ஒரு குறிப்பாணை வந்தது.

விசாரணை கண்காணிப்பாளர் மேஜையிலேயே நடந்தது. மூன்று சான்றிதழ்களும் வரிசையாகப் பரப்பி வைக்கப்பட்டிருந்தன.

"பார் சரியா?"

"சரிதான் சார்."

"செயின்?"

"நல்ல செயின்தான்."

"ஸ்பிராக்கெட்?"

"அதுவும் நல்லதுதான். ஆனா மூணும்—"

"மூணும் சரின்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அப்ப எது சரியில்ல? மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

மெக்கானிக் இதை வீட்டில் சொன்னபோது அவர் மனைவி சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

ஆனாலும் நகராட்சி கல் நெஞ்சம் கொண்டதல்ல. சிக்கலின் ஆழத்தை உணர்ந்து, ஐந்து பேர் கொண்ட இணக்கக் குழு ஒன்றை அமைத்தது. அந்த சமயத்தில் எல்லா அலுவலகங்களிலும் பயிலரங்கு நடத்துவது பரவலாக இருந்தது. நடத்தாத அலுவலகத்தைப் பற்றி மற்றவர்கள் தாழ்ந்த குரலில் பேசினார்கள். எனவே குழு முதல் வேலையாக மூன்று நாள் 'ஒத்திசைவுப் பயிலரங்கு' ஏற்பாடு செய்தது. பயிற்சியாளர் கழுத்தில் ஒரு மெல்லிய துண்டைச் சுற்றிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கு நாலு வண்ணத் தாள் கொடுத்தார். செயினும் பாரும் ஸ்பிராக்கெட்டும் வட்டத்தின் நடுவே ஒரு மெத்தைமேல் வைக்கப்பட்டன.

"பிரச்சனைங்கிற வார்த்தையே இங்க வேண்டாம்" என்றார் பயிற்சியாளர். "இந்த மூணுக்கும் நடுவுல உரையாடல் இல்ல. அவ்வளவுதான். நீங்க சொல்லுங்க, கொஞ்சம் செயினோட இடத்துலேர்ந்து யோசிச்சுப் பாருங்க."

மெக்கானிக் நேர்மையாக யோசித்தார். "செயினோட இடத்துலேர்ந்து பார்த்தாலும் பள்ளம் சின்னதாத்தாங்க இருக்கு."

"பார்த்தீங்களா, பழியை பார் மேல போடறீங்க."

"சரிங்க, செயின்தான் தடிமன்."

"இப்ப செயின் மேல போடறீங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். மெக்கானிக்கின் மஞ்சள் தாளில் 'பிடிவாதம்' என்று எழுதி ஒட்டினார்கள். மூன்றாம் நாள் முடிவில் குழுப்படம் எடுத்தார்கள். செயினைக் கண்காணிப்பாளர் மாலைபோல் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் டீச்சர் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் நேராகப் பட்டறைக்கே வந்தார்.

"அண்ணே, இன்னிக்குக் காலைல ஒரு கிளை முறிஞ்சு உள்ள விழுந்துச்சு. நான் வழக்கமா நிக்கற இடம். பிள்ளைங்க வெளில இருந்ததால தப்பிச்சோம். உண்மையைச் சொல்லுங்க, உங்க மிஷின் எப்ப வரும்?"

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"சனிக்கிழமை பிள்ளைங்க வருவாங்களா டீச்சர்?"

"வர மாட்டாங்க."

"அப்ப அன்னிக்கு நீங்களும் வராதீங்க. ஒண்ணும் பார்க்கவும் பார்க்காதீங்க."

சனிக்கிழமை டீச்சர்தான் முதல் ஆளாக வந்து நின்றார். மெக்கானிக்கின் மச்சினன் ஒரு தச்சன். இரண்டு பேர் இழுக்கிற நீள வாள் அவனிடம் இருந்தது. பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் ஏழெட்டுப் பேர் கயிறோடு வந்தார்கள். மெக்கானிக் ஒரு முனை, மச்சினன் மறு முனை.

"மாமா, நகராட்சில மிஷின் இருக்குன்னு சொன்னீங்களே" என்றான் மச்சினன், மூச்சு வாங்க.

"இருக்கு. உரையாடல்தான் இல்ல. நீ இழு."

மாலைக்குள் மரம் துண்டுதுண்டாகிப் பள்ளியின் மூலையில் அடுக்கப்பட்டது. மெக்கானிக்குக்குக் கை இரண்டும் கொப்புளம். பல நாளைக்குப் பிறகு அன்று அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

இணக்கக் குழு பதினொரு முறை கூடி, நாற்பது பக்க அறிக்கை கொடுத்தது. கடைசிப் பக்கத்தில் பரிந்துரை இருந்தது: மூன்று பொருள்களையும் ஒரே கடையில், ஒரே செட்டாக வாங்கலாம். இந்தப் புதுமையான அணுகுமுறைக்காகக் குழுவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. செட்டும் வந்தது.

மெக்கானிக் பாரின் பள்ளத்தில் செயினை வைத்தார். அது தண்ணீரில் மீன் இறங்குவதுபோல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கையால் இழுத்தார், தடங்கலில்லாமல் சுற்றி வந்தது. அத்தனை மாசத்துக் கசப்பும் அந்த ஒரு சுற்றில் கரைந்துபோயிற்று. இதை ஒருதரம் ஓடவிட்டுக் கேட்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

கண்காணிப்பாளர் கோப்போடு வந்தார். "நாளைக்கே பள்ளிக்கூடத்து மரத்தை எடுத்துடலாம். விழாவா வச்சிருக்கோம்."

"அந்த மரம் இப்ப இல்ல சார். எடுத்தாச்சு."

"கோப்புல இன்னும் சாய்ஞ்சுதானே நிக்குது?"

"நேர்ல இல்ல சார்."

"அனுமதி இல்லாம யார் எடுத்தது?"

மெக்கானிக் கொப்புளம் காய்ந்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கண்காணிப்பாளரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு கோப்பு திறக்க வேண்டும்.

"சரி, நான் சொல்றதைக் கேளுங்க. ஒரு மரம் அறுத்தோம்னு காட்டினாத்தான் இந்தக் கோப்பை மூட முடியும். மூடலைன்னா செட்டைத் திருப்பிக் கொடுக்கணும். சாய்ஞ்ச மரம் வேற எங்க இருக்கு?"

இருவரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். அலுவலக வாசலில் ஒரு பெரிய மரம் இருந்தது. மனுக் கொடுக்க வருகிறவர்கள் அதன் அடியில்தான் காத்திருப்பார்கள்.

"அது நேராத்தானே சார் நிக்குது."

"எல்லா மரமும் ஏதாவது ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ஞ்சுதான் இருக்கும். பொறியாளர் அளந்து சொல்லிடுவார்."

பொறியாளர் அளந்து சொன்னார். கிழக்கே இரண்டு பாகை.

முடியாது என்று மெக்கானிக் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றுதான் விழாவுக்கு முந்திய இரண்டு நாளும் நினைத்தார். ஆனால் செட்டைத் திருப்பிவிட்டால் அடுத்த புயலுக்கு என்ன செய்வது என்று ஒரு நியாயம் அவருக்குக் கிடைத்தது. அது போதுமானதாக இருந்தது.

விழா பதினொரு மணிக்கு. மூன்று பிரிவும் வந்திருந்தன. பயிற்சியாளர் செருப்பில்லாமல் வந்திருந்தார். பள்ளியின் சார்பில் நன்றி சொல்ல டீச்சரை அனுப்பியிருந்தார்கள். மனுவோடு வந்தவர்களையும் கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று நிறுத்திவைத்திருந்தார்கள். மெக்கானிக் மிஷினைக் கிளப்பும் கயிற்றைச் சுண்டினார். ஒரே சுண்டலில் மிஷின் பிடித்துக்கொண்டது. செயின் ஒரு சிணுக்கம்கூட இல்லாமல் ஓடியது. மரத்தூள் மாவுபோல் பறந்தது. அவர் உயிரோடு இருந்த ஒரு மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்; ஆனால் காதில் அந்தச் சத்தம்தான் நிறைந்திருந்தது. முப்பது வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஓடிய மிஷினை அவர் கேட்டதில்லை.

மரம் விழுந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அதிகாரிகள் தட்டினார்கள். மனுக்காரர்கள் தட்டினார்கள். டீச்சர் ஒரு நிமிஷம் மெக்கானிக்கைப் பார்த்தார். பிறகு அவரும் தட்டினார்.

டீ கொடுத்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரும் இங்கேயும் அங்கேயும் பார்த்தார்கள். பிறகு யாரும் யாரிடமும் சொல்லாமல், மரத்துண்டுகளை ஏற்றிக்கொண்டு நின்ற லாரியின் ஓரமாக வரிசையாகப் போய் ஒட்டிக்கொண்டார்கள். கண்காணிப்பாளர், பொறியாளர், பயிற்சியாளர், மனுக்காரர்கள், டீச்சர், கடைசியாக மெக்கானிக். அங்கே ஒரு முழ அகலத்துக்கு நிழல் இருந்தது.

டிரைவர் ஹாரன் அடித்தான். எல்லோரும் டம்ளரோடு ஓரம் விலகி, லாரிக்கு வழிவிட்டார்கள்.