முப்பது விநாடிப் பெட்டி

நாற்பத்தாறாவது வயதில் வானியலில் இறங்குவது என்று முடிவு செய்தேன். அறிவுத் தாகம் காரணமல்ல. தூக்கம்தான் காரணம்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் காம்பவுண்டில் நான்கு வீடுகள், ஒரே குழாய். தினமும் விடியற்காலை நான்கு மணிக்குத் தண்ணீர் வரும். நான்கு மோட்டாரும் சேர்ந்து ஓடினால் யாருக்கும் ஏறாது. அதனால் வீட்டுக்கு இருபது நிமிடம் என்று முறை. எங்கள் முறைதான் முதல். பதினோரு வருடமாக அதற்கு எழுந்திருப்பவன் நான். ஒரு நாளாவது ஆறு மணிவரை தூங்கவேண்டும் என்பதே என் லட்சியம்.

ராத்திரி முழுக்க விழித்து வேலை செய்கிறவனை நான்கு மணிக்கு யாரும் எழுப்ப மாட்டார்கள். நட்சத்திரப் படம் அப்படிப்பட்ட வேலை. மொட்டை மாடியில் கேமராவை நிறுத்தி, முப்பது விநாடிக்கு ஒரு படம் வீதம் விடியும்வரை எடுக்கவேண்டும். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால் நட்சத்திரங்கள் வட்டமடிப்பது தெரியும்.

பட்டனை அழுத்த நான் எதற்கு? எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சாமான் வாங்கி, காலி சோப்பு டப்பாவுக்குள் ஒரு டைமர் செய்தேன். இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டேன். மூன்றாவது தடவை வேலை செய்தது. கேமராவில் செருகிவிட்டால் முப்பது விநாடிக்கு ஒரு 'டிக்'. டப்பாவைப் பற்றி என் மனைவி பியூலாவிடம் மூச்சு விடவில்லை. பகலில் அதை என் பழைய ஷூவுக்குள் ஒளித்து வைத்தேன்.

"ராத்திரி பூரா நீங்களேவா அழுத்தணும்?" என்றாள் பியூலா.

"நானேதான்."

"முப்பது செகண்டுக்கு ஒரு தடவையா?"

"ஒண்ணு விட்டாலும் வட்டம் அறுந்துடும்."

"அய்யோ பாவம். பாத்ரூம் போகணும்னா?"

"அதான் நடுவுல முப்பது செகண்ட் இருக்கே."

"சரி, அப்ப தண்ணிய நான் பாத்துக்கறேன். நீங்க பட்டனப் பாருங்க."

பத்து மணிக்கு மாடியில் பாயை விரித்துக் கம்பளியை இழுத்துப் போர்த்தினேன். டிக். தாலாட்டு தோற்றது. விழித்தபோது மணி ஆறரை.

ஒரு வாரம் இப்படி வாழ்ந்தேன். படங்களில் பெரும்பாலும் ஆரஞ்சு நிற மேகம்தான். ஒரு புள்ளி மட்டும் எல்லாப் படத்திலும் அசையாமல் நின்றது. துருவ நட்சத்திரம் என்று ஆபீசில் காட்டினேன். செல்போன் டவர் விளக்கு என்றார்கள். அதனால் என்ன? டைமர் அற்புதம். ஏழு ராத்திரி ஓடியும் ஒரே பேட்டரி, இன்னும் தீரவில்லை. என் கைத்திறனை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பும்போது பின்வீட்டு முனிகிருஷ்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஃபிராங்க்ளின் சார், உங்க மனசு யாருக்கு வரும்?"

"என்ன சார் விஷயம்?"

"ராத்திரி பூரா முழிச்சிருக்கீங்களாமே. நாலு வீட்டு மோட்டாரையும் நானே போட்டுடறேன்னு சொன்னீங்களாம். மேடம் வீடு வீடா வந்து சொன்னாங்க. ஸ்வல்ப எங்க வீட்ட மறந்துடாதீங்க," என்றார், கொஞ்சம் கன்னடம் கலந்து.

நேராக வீட்டுக்குப் போனேன்.

"பியூலா, நான் எப்ப சொன்னேன்?"

"நான்தான் சொன்னேன். முழிச்சுதானே இருக்கீங்க?"

"பட்டன யாரு அழுத்துறது?"

"பாத்ரூம் போறதுக்கே முப்பது செகண்ட் போதும்னீங்க. சுவிட்ச் போட எவ்வளவு நேரமாகும்?"

தூங்கத்தான் மாடிக்குப் போகிறேன் என்று சொல்ல முடியுமா?

நான்கு சுவிட்சும் பக்கவாட்டுச் சுவரில் வரிசையாக இருக்கின்றன. நான்கு மணிக்கு எங்களுடையது. நாலு இருபதுக்கு லாயிட் வீடு. நாலு நாற்பதுக்கு நரேஷ் வீடு. ஐந்துக்கு முனிகிருஷ்ணன். முன்பு இருபது நிமிடம் விழித்தவன் இப்போது எண்பது நிமிடம் விழிக்கிறேன். நான்கு அடிக்கும்போது மாடிப்படிக்குக் கீழேயிருந்து பியூலாவின் குரல் வரும்.

"என்னங்க, முழிச்சுதானே இருக்கீங்க?"

"ஆமா, ஆமா," என்பேன், கம்பளிக்குள்ளிருந்து.

இரண்டு வாரம் தாங்கினேன். அதற்குமேல் முடியவில்லை. அழுகை வந்துவிடும் போலிருந்தது. சோப்பு டப்பாவைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன்.

"பியூலா, உண்மையச் சொல்லிடறேன். பட்டன அழுத்துறது இதுதான். நான் தூங்கிட்டுதான் இருந்தேன்."

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும். உங்க ஷூவத் துடைக்கிறது யாரு?"

"தெரிஞ்சுமா நாலு வீட்டுக்கும் வாக்கு குடுத்தே?"

"வேணும்னா நீங்களே போய் எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. இத்தன நாளும் பொய் சொன்னேன்னு."

நான் எங்கேயும் போகவில்லை. பியூலா கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து ஒரு புது பேட்டரியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இன்னைக்கு நீங்களே மாத்திக்கங்க. மூணு வாரமா தினம் நான்தான் மாத்திட்டிருக்கேன்."