அப்பவே சொன்னவர்

உலகத்தில் எது நடந்தாலும், நடந்து முடிந்த மறுநிமிடமே அதை முன்கூட்டிச் சொல்லிவிடுகிற ஒரு ரக மனிதர்கள் இருக்கிறார்கள். பனி கொட்டினாலும், பெற்றோல் விலை ஏறினாலும், பக்கத்து வீட்டுக் கலியாணம் குழம்பினாலும் இவர்களிடம் ஒரே வசனம்: "நான் அப்பவே சொன்னனான்." எப்போது சொன்னார்? யாரிடம் சொன்னார்? கேட்டுப் பாருங்கள். உங்களிடந்தான் சொன்னாராம், நீங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லையாம்!

ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரத்து அன்புராசா இதில் முதல்தரம். முட்டை வடிவப் பந்துக்காக ஹெல்மெற் போட்டவர்கள் ஆளையாள் முட்டுவார்கள் என்பதற்குமேல் அமெரிக்கன் புட்போல் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் புதிதாக ஒரு தொழில்முறை லீக் தொடங்குகிறது, ரொறன்ரோவுக்கும் ஓர் அணி உண்டு என்ற செய்தி வந்த நாளிலிருந்து, காலையில் அது சூடுபிடிக்கும் என்றும் மாலையில் அது படுக்கும் என்றும் சொல்லிவந்தார். எப்படியும் ஒன்று பலிக்குமல்லவா?

வினை, அவருடைய அக்கா மகன் மரியோவின் உருவில் வந்தது. புதிய அணி அவனை டிக்கெற் பிரிவு மனேஜராகக் கேட்டிருந்தது; போவதென்றால் ஒஷாவா நகரத் தொழிற்சாலையின் நிரந்தர வேலையை விடவேண்டும். "யோசிக்காமல் போடா. உதுதான் இனி எதிர்காலம்," என்றார் மாமா. அடுத்தநாள் மரியோவின் மனைவி றெபேக்கா போன் எடுத்தாள். விட்பியில் இப்போதுதான் வீடு வாங்கியிருந்தார்கள்; லீக் படுத்தால் வீடும் போய்விடும் என்று அவளுக்கு நடுக்கம். "அவனை விடாதை பிள்ளை. உது ஒரு சீசன் தாண்டாது," என்றார் அதே மாமா.

பிறகென்ன, புருசனுக்கும் பெண்சாதிக்கும் ஒரு கிழமையாகப் பேச்சுவார்த்தை இல்லை.

புதிய அணியின் தொடக்க ஆட்டத்துக்கு மாமாவையும் கூட்டிப் போனார்கள். நடுவில் அவர், இருபுறமும் அவர்கள்.

"மாமா, நாளைக்குக் காலமை நான் பதில் சொல்லோணும். சேரச் சொன்னனீங்கள்தானே?" என்றான் மரியோ.

"என்னது? எனக்கு விடவேண்டாமெண்டெல்லோ சொன்னனீங்கள்!" என்றாள் றெபேக்கா.

மனிதருக்கு வியர்த்துவிட்டது. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒன்றை நடக்குமுன்பே சொல்லவேண்டும்! "பொறுங்கோ, வோஷ்றூம் போட்டு வாறன்," என்று எழும்பியவர், ஒரு ஹொட்டோக் வாங்கித் தின்று, அது போதாமல் இன்னொன்றும் தின்று, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் ஆட்டத்தின் நுணுக்கங்களை விளக்கிவிட்டு, ஆற அமரத்தான் திரும்பினார்.

நடுக்கதிரை காலியானதில் புருசனும் பெண்சாதியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டியதாயிற்று.

"இதையும் விட்டா, அந்த மெசினுக்கு முன்னாலதான் நான் கிழவனாவன்," என்றான் மரியோ.

றெபேக்கா அவன் கையைப் பிடித்தாள். "உதை என்னட்டைச் சொல்லியிருக்கலாமே? போங்கோ. படுத்தா ரெண்டுபேருமா வேற வேலை தேடுவம்."

அன்புராசா வந்து சேர்ந்தார். "மாமா, நான் சேரப்போறன். றெபேக்காவும் ஓமெண்டிட்டா," என்றான் மரியோ.

"நான் அப்பவே சொன்னனான்!"

"எதை மாமா?" என்றாள் றெபேக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் எழும்பிப் போனால், நீங்கள் ரெண்டுபேரும் கதைச்சு ஒரு முடிவுக்கு வருவியள் எண்டு!"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் மனிதர் திரும்பி வந்து இதைத்தான் சொல்லுவார் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டதாகப் பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.