இராமலிங்கம் கிராணியின் சில்வானர்

மெர்டேக்கா என்கிற சுதந்திர நாள் நெருங்க நெருங்க வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். காஜா பெராங் ஊரில் குடியிருந்த இராமலிங்கம் கிராணிக்கு அதில் துளியும் வருத்தமில்லை. அவர் குமாஸ்தாவாக வேலை பார்த்த ரப்பர் கம்பெனியிலும் துரையின் நாற்காலி காலியாகும் நிலையில் இருந்தது. அது யாருக்கு என்பதை விருந்து வைத்துத்தான் சொல்வேன் என்ற துரை, இராமலிங்கத்தையும் மனைவியோடு வரச் சொல்லியிருந்தார்.

துரை நாற்காலியில் உட்காருகிறவனுக்கு ஒயினைப் பற்றி நாலு வார்த்தை தெரிய வேண்டாமா? இராமலிங்கம் நேரே சீனர் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு வெள்ளை ஒயின் போத்தலை எடுத்து வைத்து மலாயில் விளக்கினார். திராட்சையின் பெயர் சில்வானர். ஜெர்மனியில் விளைவது. குடிக்க லேசு, விலையும் லேசு. பச்சை ஆப்பிள் வாசம் கொஞ்சம், புல் வாசம் கொஞ்சம். மீனோடு, நன்றாகக் குளிரவைத்துக் குடிக்க வேண்டும்.

வீட்டில் ஐஸ்பெட்டி ஏது? கிணறு இருந்தது. போத்தலின் கழுத்தில் கயிறு கட்டி உள்ளே இறக்கினார். மறுநாள் காலை தண்ணீர் இறைக்கப் போன அவர் மனைவி கோகிலா, போத்தலும் கையுமாக வந்து நின்றாள்.

"என்னங்க இது?"

"எது?"

"நம்ம கிணத்துல காய்ச்சிருக்கு."

இராமலிங்கத்துக்கு வியர்த்துவிட்டது. குடிக்காத மாப்பிள்ளை என்று சொல்லித்தான் அவருக்குப் பெண் கொடுத்திருந்தார்கள்.

"உங்கப்பாவுக்குத்தான்! நாளைக்கு அவருக்குப் படையல் ஆச்சே!"

"அப்பா ஸ்டவுட் பீர்தானே குடிப்பாரு?"

"மேல போயும் அதையேவா குடிக்கணும்? பாவம்லா!"

"அப்ப உங்களுக்கு இல்ல?"

"சீச்சீ! எனக்கா?"

"சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவீங்களா?"

"தாராளமா!"

"சரி" என்றாள் கோகிலா. அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே கிடையாது. அப்போதே மனிதர் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் இலையில் சோறு, மீன் கறி, மாமனாரின் சுருட்டு, பக்கத்தில் சில்வானர். செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருந்தார்கள். படைத்ததை அப்புறம் வீட்டார்தானே சாப்பிட வேண்டும் என்று இராமலிங்கம் நாக்கைத் தீட்டிக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. கோகிலா எரியும் சூடத்தை நீட்டினாள்.

"இந்தப் போத்தலைத் தொட மாட்டேன்..."

"எந்தப் போத்தலையும்னு சொல்லுங்க."

சொன்னார். அணைத்தார். உள்ளங்கை எரிந்தது, வயிறு அதைவிட எரிந்தது.

அப்பாவுக்கு வைத்தது மகளுக்கு என்று கோகிலா மீன் கறியோடு ஒரு தம்ளர் ஊற்றிக்கொண்டாள். "நல்லாத்தான் இருக்கு. தலைக்கு ஏறல." இராமலிங்கத்துக்குக் கிடைத்தது தக்கை. அதை மோந்து மோந்து பார்த்தார்.

ஆனாலும் துரை வீட்டில் குடிப்பது உத்தியோகக் கடமை. அது சத்தியத்தில் சேராது என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். விருந்தன்று கோகிலா முதலிலேயே உள்ளே போய், துரைசானியோடு மலாயில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கிளாஸ்கள் வந்தன.

"இராமலிங்கம், எப்படி இருக்கிறது?" என்றார் துரை.

இராமலிங்கம் கிளாஸைச் சுழற்றினார். மோந்தார். ஒரு வாய் உறிஞ்சிக் கண்ணை மூடினார். "சில்வானர், துரை! பச்சை ஆப்பிள்... புல்... அடடா, ஜெர்மனி மலைச்சரிவே தெரிகிறது!"

எதிரே கோகிலா தன் கிளாஸை ருசி பார்த்தாள். "சில்வானர் இல்லீங்க. இதுல புளிப்பு கொஞ்சம் கூட."

துரை ஆச்சரியத்தோடு அவளைப் பார்த்துத் தலையசைத்தார். துரைசானி சங்கடத்தோடு இராமலிங்கத்தின் பக்கம் குனிந்தாள். "உங்கள் சத்தியத்தை உங்கள் மனைவி சொன்னாள். அதனால் உங்களுக்கு மட்டும் பார்லித் தண்ணீர் ஊற்றினேன்."

துரை கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பார்லித் தண்ணீரையே இப்படிப் புகழ்கிறவர் ரப்பரை எந்த விலைக்கும் விற்றுவிடுவார். நாற்காலி உங்களுக்குத்தான், இராமலிங்கம்!"

இராமலிங்கம் துள்ளி எழுந்து கை நீட்டினார். துரை ஒரு கையால் அதைக் குலுக்கினார். மறு கையால் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கோகிலாவிடம் கொடுத்தார்.

"ஒயின் அலமாரி மட்டும் உங்கள் பொறுப்பு, அம்மா."