உரிமையாளரைத் தொடர்புகொள்ளவும்

"நான் அப்பவே சொன்னன்" என்று சொல்லக் கிடைப்பது வாழ்க்கையின் பெரிய இன்பங்களில் ஒன்று. என்னைப் போல வாய் நீண்டவளுக்கு அது வட்டிலப்பத்தைவிட இனிக்கும். ஆனால் அதைச் சொல்லும் நேரத்தில், சொல்பவளின் தலை குசினிக்குள்ளும் கால்கள் வெளியேயுமாக ஒரு ஜன்னலில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. எனக்கு அந்த இன்பம் அப்படித்தான் வாய்த்தது. அதுவும் தங்கச்சிக்கு மாமியாராக வரவிருந்தவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது.

நான் கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். கணினி படிப்பிக்கிறவள் புதுச் சாமான் எதையும் நம்புவதில்லை என்பது எங்கள் குடும்பத்துக்கு இன்றுவரை விளங்காத விஷயம். (இறைச்சிக் கடைக்காரர் மரக்கறி மட்டும் தின்பது மாதிரி என்பார் என் கணவர்.) எனக்கு இதில் ஒரு முரணும் தெரியவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தபடியால்தான் சந்தேகம். ஒருமுறை கணவர் எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்தார். காலையிலிருந்து வகுப்பில் நின்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்து கதிரையில் சாய்ந்தால், 'கொஞ்சம் எழுந்து நடக்கலாமே' என்று மணிக்கட்டைச் சுரண்டும். பெண்கள் நாள் முழுக்க நிற்கிறார்கள் என்பதே தெரியாத யாரோ செய்த சாமான் அது. கழற்றி அலுமாரிக்குள் போட்டுவிட்டேன்.

இதையெல்லாம் அந்தக் காலத்தில் முகநூலில் நீளநீளமாக எழுதுவேன். லைக் போட்டவர்களில் பாதிப்பேர் வாசிக்காமல் போட்டார்கள். மீதிப்பேர் என் மாணவிகள்.

என் கணவர் எனக்கு நேர்மாறு. நல்ல மனிதர், அஞ்சு நேரமும் தொழுவார், ஆனால் ஒரு பெட்டியின் மேல் 'ஸ்மார்ட்' என்று எழுதியிருந்தால் அறிவை அந்தப் பெட்டியிடமே ஒப்படைத்துவிடுவார். வீட்டுக்கு வந்த பல்ப் கதைக்கும், விசிறி கதைக்கும். நான் கதைப்பதைத்தான் ஒருவரும் கேட்பதில்லை.

எங்கள் கரையோரத்தில் வீடு பெண்ணுக்கு. மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை ஒரு சூட்கேசைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்து சேருவார். இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறைகள் உண்டு (வீடு கட்டியே வாப்பாமாரின் இடுப்பு ஒடிகிறது). ஆனாலும் வீட்டு உறுதிப் பத்திரம் பெண்ணின் பேரில் இருக்கும். சண்டை பிடித்தால் சூட்கேசைத் திரும்பத் தூக்க வேண்டியது அவர்தான். என் வீட்டுக்குப் பின்னால், அதே வளவுக்குள், தங்கச்சி நஸ்ரினுக்கும் வாப்பா ஒரு வீடு கட்டினார். கட்டி முடிந்ததும் என் கணவர் தன் அன்பளிப்பாக அதன் முன்கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் பொருத்தினார். விரல் வைத்தால் திறக்கும், இலக்கம் அழுத்தினால் திறக்கும், போனில் தட்டினாலும் திறக்கும். கதவு சாத்தியதும் தானாகப் பூட்டிக்கொள்ளும். தமிழும் கதைக்கும். நாங்கள் யாரும் கதைக்காத தமிழ்.

அதன் செயலியை அவர் பெருமையோடு எனக்குக் காட்டினார். எனக்கு உடனே கண்ணில் குத்தியது ஒன்றுதான்.

"மச்சான், இதுல நஸ்ரின்ட பேருக்கு நேர ஏன் 'விருந்தினர்' எண்டு கிடக்கு?"

"அது சும்மா ஒரு பேருதானே புள்ள."

"உங்கட பேருக்கு நேர 'உரிமையாளர்' எண்டு கிடக்கே. உறுதி அவட பேருலதானே இரிக்கி?"

"என்ட போன்லதானே பதிஞ்ச. ஒரு ஆளத்தான் உரிமையாளராப் போட ஏலும். மத்த ஆக்களெல்லாம் விருந்தினர்தான். அதுவும் நாள் குறிச்சுத்தான் அனுமதி குடுக்க ஏலும்."

நான் சும்மா இருப்பேனா? எங்கேயோ ஒரு குளிரூட்டிய அறையில் குந்தியிருந்த பொடியன் ஒருவன், ஒரு வீட்டுக்கு ஒரு ஆள்தான் சொந்தக்காரன், அவன் ஆண், மற்றவர்கள் வந்து போகிறவர்கள் என்று முடிவெடுத்துவிட்டான். உன் வீட்டுப் பெண்டுகளிடம் கேட்டாயா என்று அவனை யாரும் கேட்கவில்லை. கல்முனையில் ஒரு கதவு திறக்க, கடல் கடந்து எங்கோ இருக்கும் கணினி சம்மதிக்க வேண்டும் என்பது முன்னேற்றமாம். இப்படியே நான் மூச்சு விடாமல் கதைத்து முடித்தபோது, கணவர் உம்மாவின் விரலைப் பதிந்துகொண்டிருந்தார். அதுவும் நடக்கவில்லை. தேங்காய் துருவி, மீன் அறுத்து, சட்டி தேய்த்து ரேகை மழுங்கிய விரல் அது. வைக்க வைக்க, 'மீண்டும் முயற்சிக்கவும்' என்றது பூட்டு.

"நான் என்ன களவெடுத்தவளா, எத்தின தரம் விரல் வெக்கிற?" என்று உம்மா எழுந்து போய்விட்டார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். அட்டாளைச்சேனையில் இருந்து நஸ்ரினுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை ஆசிரியர். நஸ்ரின் அவரைக் கலாசாலையில் படிக்கும்போதே கண்டிருக்கிறாள். பிடித்திருக்கிறது என்று அவள் சொல்லவில்லை, ஆனால் அந்த ஊர்ப் பேர் அடிபட்டால் கையில் இருப்பதைக் கீழே போடுவாள். இதற்கு முந்திய சம்பந்தம் வீடு பார்க்க வந்த இடத்தில் தட்டிப்போனது. சமைக்கிற குசினி சின்னதாம். வாப்பா அந்தக் குசினியை இடித்துப் பெருப்பித்தார். அதனால் இந்தமுறை வீடு பார்க்கும் நாள் எங்களுக்குப் பரீட்சை நாள் மாதிரி. இதுவும் தட்டிப்போனால் நஸ்ரின் உடைந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளையின் தாயார் ஜெமீலா மாமி பெண்களோடு ஒரு வேனில் வந்தார். பெண்கள் வரும் நேரமென்று வாப்பா பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். கணவர் எருமைத் தயிர் வாங்கச் சவளக்கடை ஊருக்குப் போயிருந்தார். கூப்பிடும்வரை பெண் வெளியே வரக் கூடாதென்று நஸ்ரின் என் வீட்டுக்குள் இருந்தாள். பணியாரமும் வட்டிலப்பமும் புது வீட்டு மேசையில் அடுக்கியிருந்தன. உம்மாவும் நானும் சிரித்த முகத்தோடு கேற்றடிக்கு ஓடினோம். பின்னால் கச்சான் காற்று ஒரு அடி அடித்தது. படார்.

'கதவு பாதுகாப்பாகப் பூட்டப்பட்டது' என்றது பூட்டு.

போய் என் விரலை வைத்தேன். 'தங்கள் விருந்தினர் அனுமதி முடிவடைந்துள்ளது. உரிமையாளரைத் தொடர்புகொள்ளவும்.' நஸ்ரினுக்கும் எனக்கும் ஒரே நாளைத்தான் குறித்திருந்தார் கணவர்.

ஜெமீலா மாமி நெற்றியைச் சுருக்கினார். "உள்ளுக்கு ஆரு கதைக்கிற?"

"ஒருத்தரும் இல்ல மாமி. பூட்டு."

"பூட்டு என்னத்துக்குக் கதைக்கிற?"

நான் வருசக்கணக்காக முகநூலில் கேட்ட கேள்வியை அவர் ஒரே வரியில் கேட்டுவிட்டார். பதில் சொல்ல நேரமில்லை. கணவருக்கு அடித்தேன். தொடர்பு இல்லை. சவளக்கடை வயல்வெளிக்குள் போனால் அவருடைய போனுக்குச் சிக்னல் ஓடி ஒளித்துவிடும். 'அவசரச் சாவி ஒண்டு இரிக்கி, கவனமா வெச்சிரிக்கன்' என்று அவர் சொன்னது உம்மாவுக்கு ஞாபகம் வந்தது. கவனமாகத்தான் வைத்திருந்தார். பூட்டிய வீட்டுக்குள், மேசையின் இழுப்பு லாச்சியில்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு எல்லாரையும் என் வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கலாம். ஆனால் என் படிப்பு தலைக்குள் இருந்து கூவியது.

"பயப்படாதீங்க மாமி," என்றேன். "நான் ஐ.ரி. டீச்சர்."

இலக்கத்தைக் கண்டுபிடிக்க என்ன பெரிய வேலை? கட்டிய கணவரின் மனது எனக்குத் தெரியாதா? என் பிறந்த நாளை அழுத்தினேன். இல்லை. கல்யாண நாள். இல்லை. (இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.) அவருடைய மோட்டார் சைக்கிள் இலக்கம். அதுவும் இல்லை. இன்னொன்றை அழுத்தியதும் பூட்டு சைரன் ஊதத் தொடங்கியது.

கடலோரத்தில் வாழும் எங்களுக்குச் சுனாமிக்குப் பிறகு சைரன் என்றால் விளையாட்டில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடிவந்தார்கள். "கடல் இல்ல, கதவு! கதவு!" என்று நான் கேற்றடியில் நின்று கத்தினேன். ஜெமீலா மாமியோடு வந்த ஒருத்தி வேனுக்குள் ஏறி இருந்துகொண்டாள். சம்பந்தமும் அவளோடு வேனுக்குள் ஏறுவது எனக்குக் கண்கூடாகத் தெரிந்தது.

எல்லா ஜன்னலுக்கும் கம்பி இருந்தது. புதிதாகப் பெருப்பித்த குசினியின் ஜன்னலுக்கு மட்டும் இன்னும் கம்பி போடவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஓடினேன். ஜன்னலின் அளவையும் என் அளவையும் மனதுக்குள் ஒப்பிட்டேன். ஜன்னலின் அளவைச் சரியாகத்தான் மதிப்பிட்டேன். என்னுடையது கல்யாணத்துக்கு முந்திய அளவு. இடுப்பு வரை இலேசாகப் போனது. அதற்குப் பிறகு முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. கண்ணுக்கு நேரே வாப்பா பெருப்பித்த குசினி விசாலமாகத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து உம்மாவின் கையில் இருந்த என் போன் அடித்தது. உம்மா அதை ஜன்னல் பக்கம் நீட்டினார்.

"புள்ள, இப்பதான் சிக்னல் கிடச்ச, எனக்கொரு மெசேஜ் வந்திச்சி," என்றார் கணவர். "'விருந்தினர் ஒருவர் கதவடியில் நிற்கிறார், அனுமதிக்கவா' எண்டு. ஆரோ தெரியாத ஆக்களெண்டு நான் ஏலா எண்டு அமத்திட்டன். மறுகா களவெடுக்கப் பாக்காங்க எண்டு காட்டுது. இப்ப என்னாலயும் திறக்க ஏலாதாம். நீ ஒருக்காப் போய்ப் பாரேன், ஆரு நிக்கிற எண்டு."

"நான்தான் நிக்கன்!" என்று வெறும் குசினிக்குள் கத்தினேன். "நான் அப்பவே சொன்னன்! அப்பவே சொன்னன்!"

யாரோ என் கால்களைப் பிடித்தார்கள். ஒன்று உம்மா. மற்றது ஜெமீலா மாமி. ஒரே இழுவையில் வெளியே வந்து மண்ணில் குந்தினேன். தலைமுந்தானையில் பூச்சு, முகத்தில் சுண்ணாம்பு. என் பெருமைக்காகத் தங்கச்சியின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மாமி என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தார். பிறகு கேட்டார்.

"டீச்சர், உரிமையாளர் உரிமையாளர் எண்டு அது கூப்பாடு போடுதே, அது ஆரு?"

"என்ட மாப்புள, மாமி."

"உறுதி ஆர்ர பேருல?"

"நஸ்ரின்ட பேருல."

"அப்ப அவர எதுக்குத் தேடுற? ஊட்டுக்காரியக் கூப்பிடுங்க."

உம்மா தயங்கினார். "புள்ளய இன்னும் காட்டல்லயே..."

காட்ட வேண்டியிருக்கவில்லை. சைரன் சத்தத்துக்கு நஸ்ரின் தானாகவே வெளியே வந்து முன்கதவடியில் நின்றாள். புதுச் சல்வார், கைநிறைய மருதோன்றி. அந்தக் கையில் வாப்பா வேலிக்குக் குழி தோண்டும் இரும்பு அலவாங்கு.

"ராத்தா, தள்ளி நில்லுங்க," என்றாள்.

என் தங்கச்சி குரல் உயர்த்தியே நான் கேட்டதில்லை. அவள் ஓங்கி ஒரு அடி போட்டாள். பூட்டின் மூடி பறந்தது. சைரன் விக்கியது. 'மீண்டும் முயற்சிக்கவும்' என்றது பூட்டு. அவள் மீண்டும் முயற்சித்தாள். அலவாங்கைக் கதவிடுக்கில் செருகி நெம்பியதும் கதவு திறந்துகொண்டது. ஒழுங்கையில் நின்ற பெண்கள் கூட்டமாகக் குரவை போட்டார்கள். நானும் சுண்ணாம்பு முகத்தோடு போட்டேன். என் இத்தனை வருசக் கட்டுரைகளும் செய்யாத வேலையை ஒரு அலவாங்கு செய்துவிட்டது என்று எனக்குக் கொஞ்சமும் பொறாமை வரவில்லை. சந்தோசத்தில் துள்ளினேன்.

நஸ்ரினுக்கு அப்போதுதான் தான் யார் முன்னால் நிற்கிறோம் என்று உறைத்தது. அலவாங்கை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தாள். (அது அவளைவிட உயரம்.) ஜெமீலா மாமி வாசற்படியில் கால் வைக்காமல் நின்றார்.

"நீ முதல்ல போ மகள். உன்ட ஊடு," என்றார்.

நஸ்ரின் போன பிறகுதான் அவர் உள்ளே வந்தார். உம்மா பதறிப்போய், "வாங்க மச்சி, குசினியப் பாருங்க, பெரிசாக் கட்டியிரிக்கம்," என்றார்.

"குசினிய டீச்சர்ர காலடியில நிண்டு பாத்திட்டன் கா," என்றார் மாமி. "நாங்க ஊடு பாக்க வந்த. ஊட்டுக்காரியப் பாத்திட்டம், போதும். எங்கட மகன் கொஞ்சம் மெத்தனம். இப்பிடி ஒருத்திதான் வேணும்."

கணவர் தயிர்ச் சட்டிகளோடு வந்து சேர்ந்தபோது நாங்கள் வட்டிலப்பத்தில் இருந்தோம். கதவைப் பார்த்தார், நஸ்ரினைப் பார்த்தார், சட்டியை மேசையில் வைத்தார். அந்த இலக்கம் என்ன என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவருடைய உம்மா பிறந்த வருசமாம். அந்த விஷயத்தை நாங்கள் இன்னும் கதைத்து முடிக்கவில்லை.

இப்போது அந்தக் கதவில் சாதாரணப் பூட்டு. சாவிகள் நஸ்ரினிடம். பூட்டு உடைந்த இடத்தில் ஒரு தகடு அடித்திருக்கிறார்கள், வருகிறவர்கள் எல்லாரும் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்கள். மாப்பிள்ளை பாடசாலை விட்டு வந்து கதவைத் தட்டினால், நஸ்ரின் உள்ளே இருந்தபடியே, "ஆரு, உரிமையாளரா விருந்தினரா?" என்று கேட்பாள்.

"விருந்தினர்," என்பார் அவர். கதவு திறக்கும்.

ஒருநாள் பகிடிக்கு "உரிமையாளர்" என்று சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு அவர் ராச்சோறு தின்றது எங்கள் வீட்டில்.