பெரியதாழைக் கரையில் வடக்கு வீழ்ந்த வரலாறு

வெல்க ஜெர்லின்! சாத்தான்குளத்துச் செம்மண்ணிலே தோன்றி, தண்ணீர் லாரியைத் தவிர வேறொரு நீர்ப்பெருக்கை இளமையிலே கண்டறியாது வளர்ந்து, கணினியியல் என்னும் பெருங்கடலை நாலாண்டில் நீந்தி, நடுவே கணக்குத்தாளில் இருமுறை மூழ்கி மும்முறை எழுந்த வீராங்கனையே, வெல்க! மூக்கின் நுனியில் கண்ணாடி தாங்கியவளே, சார்ஜர் வயர் பிரியாத தோளினளே, தூத்துக்குடித் துறைமுகத்துக் கிரேன்கள் எட்டிப் பார்க்கும் மூன்றாம் மாடி அறையில் ஈராண்டு தவமியற்றியவளே, உன் புகழைப் பாடப் புகுந்தோம். செல்போன் கோபுரமே, வானளாவிய தாயே, இரண்டு கோடாவது காட்டி எமக்குக் காப்பு நிற்பாயாக. பெரியதாழையில் சில சமயம் அதுவும் கிடைப்பதில்லை.

அவள் பெற்றெடுத்த செயலியின் திருநாமம் கரைத்துணை. முப்பதாண்டுக் காற்றையும் கடற்சூட்டையும் அலையுயரத்தையும் வயிற்றில் அடக்கி, நாளைய காற்றை ஊர்வாரியாக, துறைவாரியாகப் பிரித்து, வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பென்று நிறங்காட்டி, அம்புக்குறியால் திசை காட்டி நிற்பது அது. எதற்கு இவ்வளவு பாடு? கச்சான் காற்று இன்ன மாதத்தில் எழும், வடக்கத்தி வாடை இன்ன மாதத்தில் விழும் என்று கரைக்காரர்கள் கைவிரலில் வைத்திருந்ததெல்லாம் இப்போது பிசகிவிட்டது. மேற்கிலிருந்து வரும் கச்சான் சொல்லாமல் வருகிறது, வந்தால் லேசில் போவதில்லை. போன வருடம் இந்த ஊரிலேயே இரண்டு வள்ளங்கள் கவிழ்ந்தன. அந்தச் செய்தியைப் படித்த அன்று ஜெர்லின் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை.

ஆனால் கருவியைச் செய்தால் போதுமா? கையில் எடுப்பார் வேண்டாமா? ஆகவே ஆனி மாதத்து ஒரு முற்பகலில், வெயில் மணலைப் பொரித்துக்கொண்டிருந்த வேளையில், குடையும் கோப்புமாகக் கரையிலே எழுந்தருளினார் திட்ட அலுவலர் முருகேஸ்வரி. ஸ்ரீவைகுண்டத்துக்காரர், சிரிப்பைக்கூட விதிப்படி சிரிப்பவர். வலைகளும் காகங்களும் கேட்க அவர் முழங்கிய பிரகடனமாவது:

"மூணே மூணு வாய்ப்பு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிமிசம். நாளைக்குக் காத்து எவ்வளவு, எங்கேருந்து வருதுன்னு ரோச் அண்ணாச்சி தானா பாத்துச் சொல்லணும். சொல்லிட்டா எல்லா ஊருக்கும் குடுப்போம். இல்லன்னா ஃபைல மூடி அலமாரியில வச்சிருவோம். ஜெர்லின், சோதனை நடக்கும்போது நீ வாயே தொறக்கப்படாது."

அந்தக் கடைசி வாக்கியத்தில் நம் வீராங்கனையின் நெஞ்சு கருவாடாய் உலர்ந்தது. ஈராண்டு உழைப்பு, அதற்கு மூன்று நிமிடம், அதிலும் ஊமைவேடம். துப்பட்டா முனையைப் பல்லிடையே கவ்வி, மௌனம் என்னும் கொடிய விரதத்தை அவள் மேற்கொண்டாள்.

எதிரே அமர்ந்தார் ரோச். நாற்பதாண்டு உப்புக்காற்று தடவிய நெற்றியர், வலை இழுத்துக் காய்த்த கையர், வள்ளத்தின் விளிம்பையே அரியணையாகக் கொண்டவர். கடலைப் பாராமல் கடலைப் பற்றிப் பேசுவது அவ்வூர் வழக்கமன்று. சாப்பிட உட்கார்ந்தாலும், சண்டை போட நின்றாலும், செபமாலையை உருட்டினாலும் முகம் கடலைப் பார்த்தே இருக்கும். அந்த முறைப்படியே ரோச் தென்கிழக்கு நோக்கி வீற்றிருந்து, டேப் எனப்படும் அகன்ற கணினிப் பலகையை மடியில் ஏந்தினார். முருகேஸ்வரி செல்போனில் கடிகாரத்தைத் தட்டினார்.

ரோச் பார்த்தார். புருவம் நெரிந்தது.

"ஏம்மா, நம்ம கோயிலக் கொண்டுபோயி கடலுக்குள்ள வச்சிருக்கிய?"

கோயில் கோயிலிருந்த இடத்தில்தான் இருந்தது. வரைபடத்தில் வடக்கு மேலே இருந்தது. ஆகவே ஊர் மேலேயும் கடல் கீழேயும் கிடந்தன. ஆனால் கடலை நோக்கி அமர்ந்த ரோச்சுக்கோ, மெய்யான கடல் இருந்த திசையில் மாதா கோயிலும், மடியிலே அலைகடலும் தெரிந்தன. அதைச் சரிசெய்ய அவர் பலகையை மெல்லத் திருப்பினார். அந்தோ! எப்படிப் பிடித்தாலும் வடக்கை உச்சியிலேயே நிறுத்தும் மந்திரத்தை அதற்கு ஓதி வைத்திருந்தவள் ஜெர்லினே அன்றோ! அதற்காக அலுவலகத்தில் கைதட்டலும் லட்டும் பெற்றவளும் அவளே அன்றோ!

மூண்டது போர். அவர் வலமாகத் திருப்ப அது இடமாகத் திரும்பியது. அவர் இடமாகச் சுழற்ற அது வலமாகச் சுழன்றது. அவர் தலைகீழாகக் கவிழ்க்க அதுவும் சளைக்காமல் கவிழ்ந்து மறுபடி நிமிர்ந்தது. சுறாவோடு மல்லுக்கட்டிய கைகள் சுண்டுவிரல் கனமில்லாத கண்ணாடிப் பலகையோடு மல்லுக்கட்டின. கோயில் கடலிலே விழுவதும், கடல் மடியிலே ஏறுவதும், கோபுரம் குட்டிக்கரணம் போடுவதுமாக மூவுலகும் சுழல, ரோச்சின் வெற்றிலைவாயிலிருந்து வெளிப்பட்ட சில சொற்களைக் காவிய மரபு கருதி இங்கே விடுகின்றோம். நிமிடம் முடிந்தது.

இரண்டாம் போரில் ரோச் வேறொரு வியூகம் வகுத்தார். பலகை திரும்பாவிட்டால் தாம் திரும்புவது! கடலுக்கு முதுகு காட்டி அவர் உட்கார்ந்தார். கருவாட்டுக்குக் காகம் விரட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி பிளாரன்ஸ், கையிலிருந்த ஓலையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன, கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு இருக்கிய? மேலுக்குச் சொகமில்லையா?"

அந்தக் கேள்வி முடியுமுன்பே நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ரோச்சுக்கு மானம் போயிற்று. நிறத்தை விட்டு அம்பின் திசையை மட்டும் வேகவேகமாகப் பார்த்து, வேகவேகமாகக் கடல்பக்கம் திரும்பி, பலகையில் கண்டபடியே இடப்பக்கம் கையை நீட்டி, "இங்கனேருந்து வருது, வாடை மாதிரிக் காத்து, போலாம்!" என்றார். திரும்பி உட்கார்ந்ததில் இடம் வலமாகியிருந்ததை அவர் மறந்துபோனார். வரவிருந்தது வலக்கைப் பக்கத்துக் கச்சான், அதுவும் சிவப்புக் கச்சான். ஜெர்லினின் தொண்டைவரை வந்த அலறல் துப்பட்டாவில் முட்டி அடங்கியது. இப்படி நம்பி நாளைக்கு இவர் வள்ளத்தை இறக்கிவிட்டால்? அலமாரிப் பயம் அவளை விட்டுப் போயிற்று. அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்தது.

"தப்பு," என்று கோப்பில் குறித்தார் முருகேஸ்வரி. "டீ குடிச்சிட்டு வாரேன். அதுக்கப்புறம் கடைசி."

ஜெர்லின் ரோச்சின் பக்கத்தில், வள்ளத்து விளிம்பில், அவர் பார்க்கும் திசையையே பார்த்து அமர்ந்தாள். பலகையை மடியில் வைத்தாள். கோயில் கடலுக்குள் இருந்தது. ஈராண்டில் ஆயிரம் முறை பார்த்த அதே படம். ஆனால் மேசையில் பார்த்தது. கடலை எதிரே வைத்துக்கொண்டு ஒருநாளும் பார்த்ததில்லை. இத்தனை நாளும் தான் செய்தது இவருக்கான கருவி என்றல்லவா நினைத்திருந்தாள்! வெட்கம் காதுமடல்வரை சுட்டது.

மடிக்கணினியைத் திறந்தாள். ஆயினும் விரல்கள் தயங்கின. ஏனெனில் வடக்கு சாதாரணப் பகைவனா? ஐந்தாம் வகுப்பு முதல் சுவரில் தொங்கி அரசாண்டவன். பரீட்சையிலே அவனை மறந்ததற்கு அரை மதிப்பெண் இழந்தவள் அவள். தலைமை அலுவலகத்து வழிகாட்டிக் குறிப்பில் முதல் பக்கத்திலேயே முடிசூடி அமர்ந்திருப்பவன். அவனைக் கவிழ்த்தால் நாளை எத்தனை மின்னஞ்சல்கள் படையெடுத்து வருமோ! வரட்டும் என்று பல்லைக் கடித்து, வடக்கின் நெற்றியைக் குறிபார்த்து, அவ்வூர் கடலைப் பார்க்கும் பாகையாகிய நூற்று ஐம்பது என்னும் எண்ணை எய்தாள். சாய்ந்தான் வடக்கரசன்; கடல் மேலேறியது; ஊர் கீழிறங்கிக் கரையிலே ஒழுங்காக நின்றது. லட்டை மறந்து, தானாகத் திரும்பும் மந்திரத்தையும் ஒரே வெட்டில் வெட்டினாள். பெரியதாழைத் துறைக்கு இனி இப்படித்தான். மற்ற ஊர்களுக்கு அந்தந்த ஊர் எந்தத் திசையில் கடலைப் பார்க்கிறதோ அப்படி. கோபுரத்தாய் ஒற்றைக் கோடு காட்டி அருள, மாற்றம் பலகையில் ஏறி முடிவதற்கும் முருகேஸ்வரி டீக்கடையிலிருந்து திரும்புவதற்கும் சரியாக இருந்தது.

மூன்றாம் போர். கடிகாரம் ஓடியது. ரோச் பலகையைத் திருப்பத் தோளைத் தயார்செய்துகொண்டு குனிந்தார், திருப்பவில்லை. எதிரே கடல், படத்திலும் எதிரே கடல். மடிக்குப் பக்கத்தில் கோயில். கட்டைவிரல் தானாகப் போய், தாம் வலை விடும் இடத்தைத் தொட்டது. அம்பு ஒன்று அவருடைய வலத்தோளுக்குப் பின்னாலிருந்து புறப்பட்டு, இரத்தச் சிவப்பாகக் கடலுக்குள் பாய்ந்தது. அவர் வலக்கையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பின்பக்கம் காட்டினார்.

"கச்சான். அம்பது கிலோமீட்டரு. கூடுதலுல்லா."

இருபத்திரண்டு விநாடி. முருகேஸ்வரி கடிகாரத்தை இருமுறை பார்த்தார். பிறகு விதியில் இல்லாத சிரிப்பொன்றைச் சிரித்தார். ஜெர்லினுக்கு அழுகை வந்தது. வாயில் துப்பட்டா இருந்ததால் அதுவும் சத்தமின்றி நடந்தது. சங்கு முழங்கவில்லை, பூமாரி பொழியவில்லை, தேவர்கள் யாரும் கூடவில்லை. கூடியிருந்த காகங்களும் கருவாட்டுக்காகவே கூடியிருந்தன. ஆயினும் வடக்கை வீழ்த்தி, காற்றை அடையாளங்காட்டி, கரையைக் காத்த அப்பெருவெற்றியின் முன்னே திசையெட்டும் தலைவணங்கி நிற்க, ரோச் எழுந்து வேட்டியை உதறி, பிளாரன்சைப் பார்த்து, "ஏளா, நாளைக்கு வள்ளம் எறக்கல," என்று கரையதிர அறிவித்தார்.

மறுநாள் அவர் எட்டு மணி வரை வீட்டில் படுத்துத் தூங்கினார்.