கொழுந்தியாளைப் பெண் பார்த்த அன்று ஆயிரம் வாட்ஸ்

மாமனார் வீட்டில் மருமகன் வாயையும் கையையும் கட்டிக்கொண்டு உட்கார வேண்டிய நாள் ஒன்று உண்டென்றால், அது கொழுந்தியாளைப் பெண் பார்க்க வரும் நாள்தான். இது எனக்கும் தெரியும். (பட்ட பிறகு தெரிந்தது.)

பெரியநாயக்கன்பாளையத்தில் மாமனார் வீடு. என் மச்சினன் பிரபு அந்த வாரம்தான் தன் கார் டிக்கியில் பெரிய ஊஃபர் ஸ்பீக்கர் ஒன்றும், அதை ஓட்ட ஓர் ஆம்ப்ளிஃபயரும் மாட்டியிருந்தான்.

"ஆயிரம் வாட்ஸுங்க மச்சான்!" என்றான் பெருமையாக.

நான் எலெக்ட்ரிகல் டிப்ளமோ. (எத்தனை அரியர் என்பது இங்கே தேவையில்லை.) ஆம்ப்பின் ஃபியூஸைப் பார்த்தேன். நாற்பது ஆம்பியர்.

"மாப்ள, நாப்பதைப் பன்னெண்டு வோல்ட்டால பெருக்கு. உள்ள போறதே ஐநூறுகூட இல்ல, வெளிய எப்படி ஆயிரம் வரும்? அரைப்படி நெல்லுல ஒருபடி அரிசி குத்துவியா?"

அவன் முகம் தொங்கிப்போனது. அதோடு விட்டிருக்கலாம். "இரு, அளந்தே காட்டறேன்" என்றேன்.

அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்து, உள்ளே பேச்சு ஆரம்பமாகிவிட்டது. அவர்கள் கார் போர்டிகோவில். அவர்களுக்கு வழிவிட்டு எடுத்த பிரபுவின் கார் அதன் பின்னால், கேட்டை அடைத்தபடி. "ஏனுங்க, கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்களேன்" என்று என் மனைவி கெஞ்சிவிட்டுப் போனாள்.

என் பையிலிருந்த மல்டிமீட்டரை எடுத்து, அதன் முனைகளை ஊஃபர் ஒயரில் வைத்து, போனிலிருந்து 'ம்ம்ம்' என்ற ஒரே சத்தத்தை ஓட விட்டு, வால்யூமை ஏற்றினேன். எண் ஏறியது. இன்னும் ஏற்றினேன். தலை டிக்கிக்குள் இருந்ததால் உள்ளே வீட்டில் நடந்தது எனக்குத் தெரியாது.

முதலில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியதாம். அலமாரி டம்ளர்கள் தாமாக நடந்தனவாம். கொழுந்தியா காபித் தட்டோடு வந்து நின்ற நேரம், அட்டாலிப் பரணிலிருந்து அண்டா உருண்டு விழுந்திருக்கிறது.

"ஐயோ, பூமி அதிருதுங்கோ!" என்று மாப்பிள்ளையின் அம்மா எழ, கொழுந்தியா தட்டைப் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்கே ஓடிவிட்டாள். பின்னாலேயே மொத்தக் கூட்டமும்.

தலையை வெளியே எடுத்தேன். எதிரே மாமனார்.

"ஏனுங் மாப்ள, சோலி முடிஞ்சுதுங்களா?"

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த 'ங்க'வைத்தான் தாங்க முடியவில்லை.

கிளம்புகிறோம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். கிளம்ப விட வேண்டுமே! இன்ஜினை ஓட விடாமல் சோதித்ததில் பிரபுவின் பேட்டரி செத்துப்போயிருந்தது. (பேட்டரி இறங்க இறங்க எடுத்த அளவும் செல்லாது.) மாப்பிள்ளையே வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ள வந்தார். பக்கத்தில் நான், தலை நிமிராமல்.

"எவ்வளவுங்ணா வந்துச்சு?" என்றார் மெதுவாக.

"எதுங்க?"

"வாட்ஸுங்ணா."

"பார்க்கறதுக்குள்ள அண்டா உழுந்துபோச்சுங்க."

சிரித்தார் பாருங்கள், வண்டியை விட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு! கேட்டருகே இன்னொரு சிரிப்பும் கேட்டது. கொழுந்தியா.

"அத்தனை பயத்துலயும் என் கையை உடாத புள்ள. எனக்கு இந்த அம்மணிதான் மருமக" என்று மாப்பிள்ளையின் அம்மா அங்கேயே சொல்லிவிட்டார்.

இன்று அந்த மாப்பிள்ளை என் சகலை. ஆனால் எங்கள் வகையறாவில் யார் வீட்டில் பெண் பார்ப்பதென்றாலும், விடிந்ததும் மாமனாரிடமிருந்து எனக்கு ஓர் அவசர வேலை வந்துவிடும்: பவானிக்குப் போய் ஜமுக்காளம் வாங்கி வர வேண்டும். எங்கள் பீரோவில் இப்போது துணி வைக்க இடமில்லை.